கீழிமை

சிஸ்டரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு பஸ் கண்டக்டரின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 2004ஆம் வருஷம். தக்கலையிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற பஸ், காலை நேரத்துக் கூட்டம். டிக்கெட் கொடுக்கக் குனிந்தவரின் கன்னத்தில் கட்டைவிரலை வைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் இமையைத் தாழ்த்தினார் அந்த அம்மாள்.

"ஓய், ஒமக்கு ரத்தம் இல்ல. மூலம் உண்டா?"

பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது. கண்டக்டர் மீசையும் தோரணையுமாக இருந்தவர். விசிலை வாயில் வைத்தபடி தலையை மட்டும் ஆட்டினார். எத்தனை மாதமாக என்று அந்த அம்மாள் கேட்க, கண்டக்டர் மூன்று விரலைக் காட்டினார்.

"இண்ணைக்கே டெஸ்ட் பண்ணிப் பாரும். நாளைக்கின்னு வைக்காண்டாம்."

சரியான லூசு போல என்று நினைத்துக்கொண்டேன். நான் இறங்கிய நிறுத்தத்திலேயே அவரும் இறங்கினார். நான் நுழைந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே அவரும் நுழைந்தார். அன்றுதான் எனக்கு அங்கே ஈசிஜி எடுக்கிற வேலையில் முதல் நாள். அவர் அங்கே கேஷுவாலிட்டியில் இருபது வருஷமாக நர்ஸாக இருக்கிறவர் என்று அப்புறம் தெரிந்தது. என்னையும் விடவில்லை. பையைக் கீழே வைப்பதற்குள் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "கீர தின்னு பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் கண்ணையும் விட்டதில்லை அவர். குணமாகிப் போகிறவர்கள், பார்க்க வருகிறவர்கள், மருந்துக் கம்பெனி ஆட்கள், கோயில் கட்டட நிதிக்கு வந்த பாஸ்டர். அவருடைய தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காபித் தட்டோடு வந்து நின்ற பெண்ணின் இமையை இழுத்துப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. உண்மைதானா என்று கேட்டேன். "பின்ன? பேறு காலத்துல கஷ்டப்படுதது அந்தப் பிள்ளதானே" என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம். கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் அவரோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

இதை வெறும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் என் அத்தான் செத்தது தன் கையால்தான் என்று அவரே என் அக்கா வீட்டுக்கு வந்து சொன்னார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது பாதிப் படம்தான். பல வருஷமாக எழுதாமல் தள்ளிப் போட்டதும் அதனால்தான்.

ஒல்லியான உடம்பு. அந்த உடம்புக்குப் பொருந்தாத அகலமான கைகள். வீடு மார்த்தாண்டத்துக்கு மேற்கே எங்கேயோ. இரண்டு பஸ் மாறி வருவார். கணவர் நாகர்கோவில் களியக்காவிளை ரூட்டில் அரசு பஸ் டிரைவராக இருந்து இடுப்பு ஒடிந்து உட்கார்ந்துவிட்டவர். அவருக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு வந்து, இங்கே எட்டு மணி நேரம் நின்று, திரும்பிப் போய் மறுபடி அடுப்புப் பற்றவைக்கிற பெண்பிள்ளை. அவர் ஒரு சாயாவை முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. பாதியில் யாராவது வந்துவிடுவார்கள். ஆடை படிந்த அந்த மிச்சத்தை மத்தியானம் ஒரே மடக்கில் குடிப்பார். குரல் ஏறாது, இறங்காது. செத்தவரைப் பற்றிச் சொன்னாலும் பிறந்ததைப் பற்றிச் சொன்னாலும் ஒரே குரல்தான்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பார்த்ததைச் சொல்வார். பார்க்காததைச் சொல்லமாட்டார். ஆஸ்பத்திரியில் இது எவ்வளவு பெரிய குறை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நோயாளியோடு வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். பயமில்லையே சிஸ்டர்? நாங்கள் எல்லோரும் பழகிய வாயால் சொல்லிவிடுவோம், ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று. அதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகாது, கேட்டவர் போய் உட்கார்ந்துவிடுவார். இவர் சொல்லமாட்டார்.

"பல்ஸ் நூத்தி இருவது. அது நான் பாத்தது. பயம் உண்டா இல்லியான்னு எனக்குத் தெரியாது" என்பார்.

கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கியிருந்தார். நானும் அந்தப் பெயரை வைத்தவர்களில் ஒருத்திதான். பைக் மோதிச் செத்துப்போன ஒரு பையனின் தாய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், என் பிள்ளை வேதனை தெரியாமல்தானே போனான் என்று. அந்த இடத்தில் மனுஷராகப் பிறந்த யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பட்டான். கொஞ்ச நேரம். நான் கூட இருந்தேன்" என்றார். அந்தத் தாய் போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அன்று நான் அவரோடு சண்டையே போட்டேன். ஒரு பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடுமா என்று கேட்டேன்.

"கூட வந்த ரெண்டு பேரு பாத்திருக்கானுவ. நாளைக்கி அதுல ஒருத்தன் அவளுட்ட உள்ளதச் சொல்லுவான்" என்றார். "அப்பறம் அவ யாரத்தான் நம்புவா, சொல்லு."

எனக்கு அது பதிலாகப் படவில்லை. ஆனால் அந்தத் தாய் பல மாதம் கழித்து வேறு யாருக்கோ துணையாக வந்தபோது, வரிசையில் நிற்காமல் நேரே இவரிடம்தான் போய் நின்றாள். அது ஏன் என்று சொல்ல எனக்கு அப்போதும் தெரியவில்லை.

எனக்கு என் மெஷின் மேல் கர்வம் உண்டு. பன்னிரண்டு கோடுகளில் ஒரு ஆளின் நெஞ்சு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு டீச்சரால் போனது.

பத்மநாபபுரம் பக்கத்திலிருந்து கூட்டிவந்தார்கள், நாற்பது வயசு. பள்ளிக்கூடப் படி ஏறும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டது, மூச்சு வாங்குகிறது. ஈசிஜி எடுத்தேன். கோடு இருக்க வேண்டிய மட்டத்திலிருந்து பல இடங்களில் கீழே தொய்ந்திருந்தது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளம் அது. பேப்பரைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். டியூட்டி டாக்டர் இளைஞர், நல்ல பிள்ளை. பார்த்தவுடனே ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் ஊசியும் எழுதிவிட்டார். ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் அதுதான் முறை, தாமதிக்கக் கூடாது.

சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்தார். வழக்கம்போல டீச்சரின் இமையை இழுத்தார். உள்ளே ரத்தச் சிவப்பே இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹீமோகுளோபின் வரட்டும் டாக்டர். வந்தா எழும்புதேன்."

"சிஸ்டர், லேட் ஆனா ஹார்ட் போயிரும்."

"போட்டா ஆளே போயிரும்."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மெமோ கொடுப்பேன் என்றார். கொடுங்கள் என்று சொல்லி உட்கார்ந்திருந்தார் சிஸ்டர். லேபுக்கு இரண்டு தடவை ஓடியவள் நான்தான். ரிசல்ட் வந்தது. இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. டீச்சருக்கு ஏழெட்டு மாதமாக மாதவிடாய் நிற்காமல் போயிருக்கிறது. கர்ப்பப்பையில் கட்டி. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று இருந்திருக்கிறாள்.

அவளுக்கு ஏற்ற வகை ரத்தம் ஆஸ்பத்திரியில் இல்லை. ஸ்டோரில் இருந்த பையன் கடற்கரைக்காரன்; பங்குச்சாமியாருக்குப் போன் போட்டான். கோயில் மைக்கில் சொன்னார்கள். எங்கள் கரை ஊர்களில் அது வழக்கம். மைக்கில் சொன்ன அரை மணி நேரத்தில் மீன் வண்டி ஒன்று வந்து நின்றது. உப்பும் செதிலும் ஒட்டிய கால்களோடு பதினோரு பேர் இறங்கினார்கள். அத்தனை பேர் இமையையும் சிஸ்டர் இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரைக் "கஞ்சி குடிச்சிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். ரத்தத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள். பட்டினி கிடந்த இதயத்துக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது. மறுநாள் இன்னொரு ஈசிஜி எடுக்கச் சொன்னார் சிஸ்டர். தொய்ந்த கோடு தன் மட்டத்துக்கு வந்திருந்தது. அடைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

எனக்கு விளங்கவில்லை என்று அவரிடமே போய்க் கேட்டேன். ஆறிப்போன சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு வண்டி ஓட்டிட்டு இருந்த காலத்துல, எப்பம் சாப்பிடுவாரு? வண்டி நிக்கப்பம்தான். களியக்காவிளைல பத்து நிமிஷம். ஹார்ட்டுக்கும் அப்பிடித்தான். ஊரு பூரா ரத்தம் அனுப்புது, ஆனா அதுக்க பங்க அது வாங்குதது, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல நிக்குத நேரத்துல. சரியா? இப்பம் ஒடம்புல ரத்தம் கொறஞ்சுபோச்சு. இருக்கத வச்சு எல்லாருக்கும் எத்திக்கணும். அப்பம் என்ன செய்யும்? டிரிப்பக் கூட்டும். டிரிப்பு கூடினா நிக்குத நேரம் இல்ல. வேல ரெட்டிப்பு, சாப்பாடு பாதி. அந்தப் பாதியிலயும் சத்து இல்ல. பிரஷரும் எறங்கிட்டுன்னு வையி, அந்தப் பாதிய உள்ள தள்ளவும் ஆளில்ல. ஒனக்க பேப்பருல அது அடைப்பு மாதிரியேதான் தெரியும்."

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கது?"

"பேப்பருல கண்ணு இல்லல்லா. ஆளுக்குத்தானே கண்ணு இருக்கு" என்று சொல்லிச் சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மெமோவும் வந்தது. அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

சிக்குன்குனியா வந்து ஊரைப் போட்டு எடுத்த வருஷத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு இரண்டு பேர் முட்டி மடக்க முடியாமல் கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் வராந்தாவிலும் பாய். நர்ஸுகளில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மீதிப் பேர் இரட்டை டியூட்டி. சிஸ்டருக்கும் காய்ச்சல் வந்து நான்கு நாளில் எழுந்து வந்திருந்தார். விரல் கணுக்கள் வீங்கி, ஊசி மருந்து பாட்டிலின் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவார். நாங்கள் எல்லோரும் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

என் அக்காவின் வீடு முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கரையில். அத்தான் தங்கலுக்குப் போகிறவர். போட்டில் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்துவிட்டு வருவார்கள். அந்தத் தடவை கரைக்கு வந்தபோதே காய்ச்சல் கண்டு மூட்டு பிடித்திருந்தது. மெடிக்கல் ஸ்டோரில் வலி மாத்திரை வாங்கி, காலை ஒன்று மாலை ஒன்று, தாங்காவிட்டால் நடுவில் ஒன்று என்று தின்றிருக்கிறார். மூட்டு வலிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் தின்றார்கள். கணவாய் மீன் நன்றாகப் பட்ட சீசன் அது. போட்டில் கணவாயை மைப்பையோடு அப்படியே சட்டியில் போடுவார்கள். குழம்பு கறுப்பாக இருக்கும், ருசி தனி. அத்தானுக்குக் கரையிலும் அப்படித்தான் வேண்டும். அக்கா வைத்துக் கொடுப்பாள். கணவாய் தின்ற வாரம் கழிவு கறுப்பாகப் போவது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை யாரும் ஒரு விஷயமாக எண்ணுவதில்லை.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். டியூட்டி மாறுகிற நேரம். ஆட்டோவிலிருந்து அத்தானை இறக்கினார்கள். வேர்வையில் நனைந்திருந்தார். நெஞ்சில் கை. அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நான்தான் ஈசிஜி எடுத்தேன். கோடு தொய்ந்திருந்தது. துடிப்பு நூற்று நாற்பதுக்கு மேலே ஓடியது. டீச்சரின் பேப்பரை நான் மறந்தே போனேன். சொந்த அத்தான் படுத்திருக்கும்போது ஞாபகம் வருகிற பேப்பரா அது. அட்டாக், அட்டாக் என்று கத்திக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடியது நான்தான்.

டாக்டர் எழுதினார். சிஸ்டர் தட்டோடு வந்தார். காலை டியூட்டி முடிந்து இரண்டாவது டியூட்டிக்கு நின்றார். கட்டில் பக்கம் வந்து ஒரு நொடி நின்றார். வீங்கிய கை அத்தானின் முகத்துக்குப் போனது.

"இண்ணைக்கும் ஸ்டூலப் போட்டு உக்காந்துராதீங்க சிஸ்டர்" என்று நான் கத்தினேன். "எனக்க அத்தானாக்கும். சீக்கிரம் போடுங்க."

அந்தக் கை திரும்பிவந்தது. மாத்திரைகளை வாயில் போட்டார். ஊசியைப் போட்டார்.

ரத்தம் லேபுக்குப் போயிருந்தது. காய்ச்சல் கூட்டத்தில் அது கீழே எங்கேயோ கிடந்தது. அத்தானைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றினோம். வண்டி களியக்காவிளை தாண்டவில்லை. அங்கே நெரிசலில் நின்றபோதே அவர் போய்விட்டார் என்று கூடப் போன ஆள் போன் செய்தான். அதற்குப் பிறகுதான் லேபிலிருந்து சீட்டு வந்தது. அதில் ஹீமோகுளோபின் என்கிற இடத்தில் நாலுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது; பதிமூன்றுக்கு மேல் இருக்க வேண்டியது. நானும் சிஸ்டரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு கேஸ் ஷீட்டில் குத்தி வைத்தார். டாக்டர் இதயச் செயலிழப்பு என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. இதயம் நின்றுதான் போனது.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அக்கா அட்டாக் என்று நம்பியிருந்தாள். கரையில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். முப்பத்தெட்டு வயசில் அட்டாக் வருவது இப்போதெல்லாம் சகஜம் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. அடக்கம் முடிந்த வாரத்திலேயே சிஸ்டர் சொன்னார், ஒனக்க அக்காவப் பாக்கணும் என்று. வேண்டாம் என்றேன். அவள் ஒரு மாதிரி அடங்கியிருக்கிறாள், கிளறாதீர்கள் என்றேன்.

"பாத்தத சொல்லாம இருக்க எனக்குத் தெரியாது பிள்ள" என்றார்.

அக்காவுக்காக மட்டும் நான் தடுத்தேன் என்று எழுதினால் அது பொய். அவர் நடந்ததை நடந்தபடி சொல்லுகிறவர். அப்படிச் சொன்னால் அதில் நான் கத்தியதும் வரும். அந்தக் கையைத் திருப்பியது நான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் நான் ஒரு மாதம் அவரைத் தடுத்து வைத்தேன். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரிடமோ வழி கேட்டு, இரண்டு பஸ் மாறி, வெயிலில் வந்திருந்தார்.

அக்காவுக்கு அவரை நன்றாகத் தெரியும். அன்று ஊசி போட்டவர் என்று. நாற்காலி எடுத்துப் போட்டாள். கட்டன் சாயா கொண்டுவந்தாள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டில் இருந்தன. சிஸ்டர் சாயாவை வாங்கிக் கீழே வைத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணைக்கி எனக்க கையாலதான் மருந்து போனது. போடுததுக்கு முந்தி நான் கண்ண இழுத்துப் பாத்திருக்கணும். எப்பவும் பாப்பேன். அண்ணைக்கிப் பாக்கல. ஒனக்க மாப்பிளைக்கு நெஞ்சுல அடைப்பு ஒண்ணும் இல்ல. உள்ளுக்குள்ள ரத்தம் போயிருந்தது. ரத்தம் பத்தாமதான் நெஞ்சு வலிச்சுது. நான் போட்டது ரத்தம் உறையாம இருக்கதுக்குள்ள மருந்து. நிக்க வேண்டிய ரத்தத்த அது நிக்க விடல."

நான் கதவோரம் நின்றேன். அடுத்து என் பேர் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டார்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். அப்புறம் கேட்டாள்.

"ரத்தம் எங்க போச்சு? ஒரு சொட்டு வெளிய காங்கலியே."

"வயித்துக்குள்ள. வேதனைக்கு மாத்திர தின்னாருல்லா. அது வயித்தப் புண்ணாக்கும்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் பார்த்தேன். அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் முன்னால் தெரிந்துவிட்டது. சிஸ்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"பத்து நாளா கறுப்பா போவுதுன்னு சொன்னாவ" என்றாள் அக்கா. "தாரு மாதிரி போவுதுன்னு. ஆஸ்பத்திரிக்குப் போவட்டான்னும் கேட்டாவ. நான்தான், கணவாய் தின்னா அப்பிடித்தான் போவும், பேசாம கெடங்கன்னு சொன்னேன். சிரிச்சேன் சிஸ்டர். அது… அது ரத்தமா?"

வயிற்றில் கசிகிற ரத்தம் வெளியே வரும்போது சிவப்பாக வராது. செரித்து, கறுத்து, தார்போலத்தான் வரும். நர்ஸிங் படிக்கிற பிள்ளைக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். அந்த நாலு என்கிற எண்ணும் ஒரே நாளில் வருகிற எண் இல்லை. பத்து நாளாகத்தான் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தார். முதல் நாளிலேயே கூட்டிவந்திருந்தால் ஒரு வாரத்தில் எழுந்து நடந்திருப்பார். இது சிஸ்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் வாயில் பொய் வராது என்பதும் எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்ல" என்றார் சிஸ்டர். அதே ஏறாத, இறங்காத குரல். "அது கணவாய்தான்."

அக்கா நிமிர்ந்தாள்.

"கணவாய் மையி அப்பிடித்தான் போவும். ரத்தம் போனது அண்ணைக்கி ஒரே நாளு. காலைல தொடங்கி மத்தியானத்துக்குள்ள. உள்ளுக்குள்ளேயே நின்னுட்டு. வெளிய தெரியாது. ஒனக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல மக்ளே."

"நெசமாட்டா?"

"நான் பாத்தேன்" என்றார்.

அக்கா மூச்சை விட்டாள். அப்படி ஒரு மூச்சை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அப்புறம் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபோது அந்தப் பார்வை வேறாக இருந்தது.

"அப்ப நீங்கதான்."

"ஆமா. நான்தான்."

"பாத்திருந்தா எனக்க மாப்பிள இருந்திருப்பாவ."

"இருந்திருக்கலாம்."

"எழும்பிப் போங்க சிஸ்டர். எனக்க வாயில வேற ஏதும் வரதுக்கு முந்திப் போயிருங்க."

அவர் எழுந்து போனார். சாயா அப்படியே இருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். கடல் காற்றில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. அவருக்கு வயசாகிவிட்டது என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

"நான் கத்தினத ஏன் சொல்லல?"

"நீ கத்தினே. பாக்க வேண்டிய கண்ணு எனக்கதுல்லா" என்றார்.

"அத விடுங்க. மத்தத ஏன் அப்பிடிச் சொன்னீங்க? நாளைக்கி வேற எவனாவது அவளுட்ட உள்ளதச் சொல்லுவான்னு நீங்கதானே முந்தி சொன்னீங்க."

"யாரு சொல்லுவா? தெரிஞ்சது நமக்கு ரெண்டு பேருக்கும்தான்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அவளுக்கு ரெண்டு பிள்ள உண்டு. வளத்தாண்டாமா? எனக்க மேல உள்ள கோவத்த வச்சுட்டு வளத்திருவா. அவ மேலயே கோவம் வந்தா எழும்பமாட்டா. நீ சொல்லாம இருந்தாப் போரும்."

பஸ் வந்தது. ஏறிப் போனார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. என் தலையில் இப்படி ஒரு பாரத்தை ஏற்றிவிட்டுப் போகிறாரே என்றுதான் அப்போது நினைத்தேன். வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தது இரண்டு வருஷம். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ரிட்டயர் ஆனபின் கணவரையும் கூட்டிக்கொண்டு கேரளாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு தடவை போன் செய்தேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா பிள்ளைகளை வளர்த்துவிட்டாள். மூத்தவன் கல்ஃபுக்குப் போய்விட்டான், சின்னவள் காலேஜில் படிக்கிறாள். அக்கா இப்போது சிரிக்கிறாள், கணவாயும் வைக்கிறாள். வருஷம் தவறாமல் அத்தானுக்கு ஆண்டுப் பூசை வைக்கிறாள். பூசையில் மன்றாட வேண்டிய கருத்துகளை ஒரு தாளில் அவளே எழுதிச் சாமியாரிடம் கொடுப்பாள். முதல் கருத்து அத்தானின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. இரண்டாவது பிள்ளைகளுக்கு. மூன்றாவதை எழுதத் தொடங்கியது நாலைந்து வருஷமாகத்தான். அதுவரை அவளால் முடியவில்லை. தன் கணவரின் சாவுக்குக் காரணமான செவிலியை முழு மனதோடு மன்னிக்கும் வரத்தை இந்தக் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்று சாமியார் வாசிப்பார். கோயிலில் எல்லோரும் பதில் சொல்லுவார்கள். நான் அக்காவின் பக்கத்தில்தான் நிற்பேன். ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று நானும் சேர்ந்து சொல்லுவேன்.